பொம்மை ஆபீசில் பதினெட்டுப் பேர்

கம்ப்யூட்டரைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடும் என்று வாய் கூசாமல் பேசுகிறவர்கள், ஒரு தடவை கொல்லிமலை ஏறி வந்து அத்தாயியைப் பார்த்துவிட்டுப் போகட்டும். கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தான் அது சொல்லும். இல்லாவிட்டால் போட்டதையே திருப்பி நம் தலையில் கொட்டும். இதைப் புத்தகத்தில் படித்து அவள் தெரிந்துகொள்ளவில்லை. ஆறு பெண்களின் வேலை போகவிருந்த ஒரு பிப்ரவரி மாதத்தில் தெரிந்துகொண்டாள்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். அப்படி வளப்பூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிற அண்ணாமலையின் மூத்த மகள் அத்தாயி. மலைமேல் இருக்கிற செம்மேட்டில் விடுதியில் தங்கி பிளஸ் டூ முடித்தாள். ராசிபுரத்தில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தாள். "படிச்சுப்போட்டு மலைக்குத் திரும்பி வந்து என்னத்தைப் பண்ணப் போற?" என்று கேட்காத ஆளில்லை. 2003-இல் சேலத்துக் கம்பெனி ஒன்று செம்மேட்டில் ஆபீஸ் திறந்ததும் அந்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. முதல் நாளே போய்ச் சேர்ந்தவள், ஒன்றரை வருஷத்தில் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். அப்போது அவளுக்கு வயது இருபத்து நான்கு.

அந்த ஆபீசின் வேலை இதுதான். எங்கோ வெளிநாட்டில் இருக்கிற ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வருகிற விண்ணப்பங்களைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மலையில் அப்போது இன்டர்நெட் என்றால் நடக்கிற காரியமா? காலை முதல் பஸ்ஸில் நாமக்கல்லிலிருந்து சிடி வரும். சாயங்காலம் ஐந்தேகால் பஸ்ஸில் வேலை முடித்த சிடி கீழே இறங்க வேண்டும். அந்த பஸ் போய்விட்டால் அன்றைய வேலை ஒரு நாள் தாமதம். கண்டக்டருக்கே அந்த சிடி டப்பா பழகிப்போய், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அதற்கென்று ஓர் இடம் வைத்திருந்தார்.

டைப் அடிக்கப் பதினெட்டுப் பெண்கள். அடித்ததைச் சரிபார்க்க ஆறு பேர். ஐம்பது விண்ணப்பம் சேர்ந்தது ஒரு கட்டு. ஒருத்திக்கு ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. ஒரு கட்டை அடித்து முடித்துச் சரிபார்க்க அனுப்பினால்தான் அடுத்த கட்டு திறக்கும். 2005 ஜனவரி வரை எல்லாம் சுமுகமாகத்தான் போயிற்று, ஏனென்றால் அதுவரை கட்டுகள் சிறியவை. ஜனவரியில் வேலையைக் கூட்டினார்கள். அப்போது பிடித்தது சனி. வாரத்தில் நாலு நாள் சிடி ஐந்தேகால் பஸ்ஸைத் தவறவிட்டது.

மேனேஜர் காளியண்ணன் சேலத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் தலைமை ஆபீஸ் போன் அடித்தால் உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்துவிடும் மனிதர். பிப்ரவரி முதல் வாரம் அத்தாயியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அத்தாயி, மேல இருந்து சொல்லிப்போட்டாங்க. டைப்பிங்ல ரொம்ப மெதுவா இருக்கற ஆறு பேரை நிறுத்தோணுமாம். அவங்க வேலையச் சேலத்துக்கு எடுத்துக்கறாங்களாம். மாசக் கடைசிக்குள்ள ஆறு பேரோட பேரை எழுதிக் குடு."

"நான் எழுதறதுங்களா?"

"பின்ன நானா? உனக்குத்தான தெரியும் யாரு மெதுவுன்னு."

தெரியும். பட்டியல் போட்டால் முதல் பெயர் சென்னம்மாள். வாழவந்தி நாட்டுக்காரி, முப்பத்தைந்து வயது, வலது ஆள்காட்டி விரலின் நுனியை அரிவாள் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்பதை வைத்துக்கொண்டு டைப் அடிக்கிறவள். பத்தாவது முடித்துப் பல வருஷம் கழித்து வேலைக்கு வந்தவள், தன் சம்பளத்தில் மகளை நாமக்கல்லில் நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அடித்த கட்டில் தப்பு என்று ஒன்று இதுவரை திரும்பி வந்ததில்லை. ஆனால் மெதுவு, மெதுவுதான். அத்தாயி பெயர் எழுத வேண்டிய வெள்ளைத் தாளை அப்படியே மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே சேலத்திலிருந்து தரணிதரன் என்கிற இன்ஜினியர் வந்து இறங்கினார். வேலையை எப்படிச் சீர் செய்வது என்று பார்க்கக் கம்பெனி அனுப்பிய ஆள். கையில் ஒரு ஸ்டாப் வாட்ச், தோளில் லேப்டாப். மூன்று நாள் ஒவ்வொருத்தி பின்னாலும் நின்று, ஒரு விண்ணப்பத்துக்கு எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொண்டார். எல்லாரிலும் வேகக்காரியான ராதிகாவுக்கு மூன்று நிமிஷம். சென்னம்மாளுக்கு நான்கு. சரிபார்க்க நாற்பது விநாடி. எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றினார்.

நாலாம் நாள் அதை ஓடவிட்டுக் காட்டினார். திரையில் பதினெட்டுக் கட்டம், அதற்கு முன்னால் ஆறு கட்டம். சின்னச் சின்னப் புள்ளிகள் இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு ஓடின. மூலையில் ஒரு கடிகாரம் விறுவிறுவென்று சுற்றியது. ஒரு முழு நாள் வேலை இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சிமுலேஷன் என்று அதற்குப் பெயர் சொன்னார். ராதிகா அதற்குப் பொம்மை ஆபீஸ் என்று பெயர் வைத்துவிட்டாள். அதுவே நிலைத்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார் தரணிதரன். "அஞ்சு மணிக்கு எல்லாம் முடிஞ்சுருது. பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருக்குது. ஆனா நெசத்துல உங்களுக்கு ஆறு மணி தாண்டுது. அப்ப எங்கியோ ஒரு மணி நேரம் காணாமப் போகுதுங்க."

காளியண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். "எங்க காணாமப் போகும்? பேச்சுலதான். சார் வாட்ச்சோட நின்னப்ப வேலை செஞ்சாங்க, அவரு போனதும் கதையடிக்கறாங்க. நாஞ் சொன்னது சரியாப் போச்சா?"

அத்தாயிக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்கள் வேலைக்கள்ளிகள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பொம்மை ஆபீஸ் பொய் சொல்லவும் காரணமில்லையே! "சார், இதை நான் ஓட்டிப் பாக்கலாங்களா?" என்று கேட்டாள். தரணிதரன் நல்ல மனிதர், நாற்காலியையே விட்டுக்கொடுத்தார்.

இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதன் முன்னால்தான் இருந்தாள். எந்த எண்ணை மாற்றினால் எந்தப் புள்ளி எங்கே தேங்குகிறது என்று பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, இரண்டே நாளில் அதை இயக்குவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆகிவிட்டது. மூன்றாம் நாள் மெதுவாக ஓடவிட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பதினொன்றரை மணிக்கு ராதிகாவின் கட்டம் முதல் கட்டை முடித்தது. முடித்த கையோடு சரிபார்க்கிறவர்களிடம் அனுப்பியது. அடுத்த கட்டைத் திறந்தது.

"அடக் கடவுளே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ராதிகா எங்கே அப்படி அனுப்புகிறாள்?

இதைச் சொல்ல வேண்டுமானால் மலையில் சாமைக் களை எடுக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். பெண்கள் ஆளுக்கொரு வரிசை பிடித்து இறங்குவார்கள். வேகக்காரி முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால் வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட மாட்டாள். பக்கத்து வரிசையின் மறுமுனையில் நுழைந்து, மெதுவாக வருகிறவளுக்கு எதிராகக் களை எடுத்துக்கொண்டே வருவாள். இரண்டு பேரும் நடுவில் சந்திப்பார்கள். எல்லாரும் சேர்ந்துதான் வரப்பேறுவார்கள். ஒருத்தியைப் பின்னால் விட்டுவிட்டு ஏறுகிறவளை ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

இந்தப் பதினெட்டுப் பேரும் அந்த வயல்களில் வளர்ந்தவர்கள். ஆபீசுக்கு வந்தும் யாரும் யாரையும் முந்திக்கொண்டு அனுப்பியதே இல்லை. ராதிகா பதினொன்றரைக்கே முடித்துவிடுவாள். ஆனால் கடைசி விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அடித்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள். சென்னம்மாள் முடிக்கப் பன்னிரண்டு இருபது ஆகும். அவள் "ஆச்சு" என்றதும் பதினெட்டுப் பேரும் ஒன்றாக அனுப்புவார்கள். அதுவரை சரிபார்க்கிற ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலமும் அதே கதை. நாலேகால் தாண்டி, ஒரே நேரத்தில் பதினெட்டுக் கட்டு அவர்கள் தலையில் வந்து விழும். ஆறு மணி ஆகாமல் என்ன செய்யும்?

இதில் கொடுமை என்ன தெரியுமா? வயல் வழக்கத்தில் பாதிதான் ஆபீசுக்கு வந்திருந்தது. காத்திருப்பது வந்துவிட்டது, எதிர்முனையில் நுழைந்து கைகொடுப்பது வரவில்லை. வரவும் முடியாது. ஒருத்தியின் கட்டை இன்னொருத்தி திறக்க முடியாதபடி கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு பூட்டு. தரணிதரனிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஒரு விண்ணப்பத்துக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டார், சொன்னார்கள். முடித்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. மூச்சு விடுகிறீர்களா என்று கேட்காவிட்டால் அதை யார் போய்ச் சொல்வார்கள்?

சொல்வதா வேண்டாமா என்று அத்தாயி அன்று முழுவதும் தவித்தாள். சொன்னால் காளியண்ணன் சாமியாடுவார். சொல்லாவிட்டால் ஆறு பெயர். கடைசியில் வருவது வரட்டும் என்று தரணிதரனிடம் போனாள்.

"சார், இதுல ஒண்ணு விட்டுப்போச்சுங்க. இங்க யாரும் தனியா அனுப்ப மாட்டோமுங்க. கடைசி ஆளு முடிக்கறவரைக்கும் காத்திருப்போம். அதையும் போட்டு ஓட்டுங்க."

தரணிதரன் அவளை ஒரு பார்வை பார்த்தார். உடனே அதைப் போட்டார். கடிகாரம் சுற்றியது. புள்ளிகள் குவிந்து குவிந்து நின்றன. ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஓட்டம் நின்றது. முந்தின நாள் ஆபீசில் வேலை முடிந்த நேரத்தைப் பதிவேட்டில் புரட்டிப் பார்த்தார்கள். ஆறு மணி நாலு நிமிஷம்.

"ஏனுங்க," என்றார் தரணிதரன். குரலே மாறிவிட்டது. "மூணு நாளு வாட்ச்சைப் பிடிச்சுட்டு நின்னேன், என் கண்ணுல இது படலியே!"

காளியண்ணன் எதிர்பார்த்தபடியே குதித்தார். "அப்ப தினமும் மணிக்கணக்கா சும்மா உக்காந்துட்டு இருந்தீங்களா? கம்பெனிய ஏமாத்தற வேலையில்ல இது?"

அத்தாயிக்கும் கோபம் வந்துவிட்டது. அதற்கு முன் அவரிடம் குரல் உயர்த்தியதே இல்லை. "ஏமாத்தலைங்க சார். கூட இருக்கறவளைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு இருந்தோம். கை குடுக்க விட்டிருந்தா கை குடுத்திருப்போம். நீங்கதான் ஆளுக்கொரு பூட்டுப் போட்டீங்க. பூட்டைத் திறந்து விடுங்க, பொறவு பேசுங்க."

அவளே பொம்மை ஆபீசில் உட்கார்ந்து அதையும் போட்டுக் காட்டினாள். ஐம்பது ஐம்பதாக வேண்டாம், பத்துப் பத்தாகக் கட்டு. பத்து முடிந்ததும் உடனே சரிபார்க்கப் போகட்டும். தன் பங்கை முடித்தவள் பின்தங்கியவளின் பங்கிலிருந்து கடைசிப் பத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஓட்டினாள். மூன்றே முக்கால் மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது! காளியண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "இன்னொரு தடவை ஓட்டு" என்றார். மூன்றே முக்கால்.

அத்தாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"அப்ப பதினஞ்சு பேரே போதுமே!" என்றார் காளியண்ணன். "ஆறு வேண்டாம். மூணு பேரை எடுத்துட்டு ஓட்டிப் பாரு."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மெதுவான மூன்று கட்டங்களை அழித்துவிட்டு ஓட்டினாள். நாலே முக்காலுக்கு முடிந்தது. பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. காளியண்ணன் முகத்தில் அத்தனை மலர்ச்சி. "மூணு பேரு தப்பிச்சாங்க, உன்னாலதான் தாயி" என்று மனதாரப் பாராட்டினார். அழித்த மூன்றில் முதல் கட்டம் சென்னம்மாள். அதைத் தன் கையாலேயே அழித்திருந்தாள் அத்தாயி. நான் கண்டுபிடித்ததே அவளுக்கு வினையாக முடிந்ததே என்று நொந்துபோனாள்.

மற்றவர்களாக இருந்தால் அத்தோடு அழுதுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அத்தாயி அப்படிப்பட்டவள் இல்லை. மறுநாள் காலையில் சூப்பர்வைசர் நோட்டைக் கொண்டுவந்து தரணிதரன் முன்னால் போட்டாள். கரண்டு எப்போது போயிற்று, எப்போது வந்தது, யாருக்குக் காய்ச்சல், மழையில் வளப்பூர் பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று ஆறு மாதமாக அவள் எழுதி வைத்த நோட்டு. ஜெனரேட்டர் வாங்கித் தருகிறோம் என்று கம்பெனி ஒன்றரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், கரண்டு விஷயம் மட்டும் பக்கம் பக்கமாக இருந்தது.

"சார், உங்க பொம்மை ஆபீசுல கரண்டே போறதில்ல. யாருக்கும் ஒடம்பு நோகறதில்ல. மலையில மழையே பெய்யறதில்ல. அப்படி ஒரு ஊரு இருந்தா நானே அங்க போயிருவேன். இதையெல்லாம் போட்டு ஒரு மாசம் ஓட்டுங்க."

தரணிதரன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே போட்டார். எந்த நாள் எது நடக்கும் என்பதைக் கம்ப்யூட்டரே சீட்டு எடுப்பது மாதிரி எடுத்துக்கொண்டது. இருபத்தாறு வேலை நாளில், பதினைந்து பேர் இருந்தால் ஒன்பது நாள் பஸ் போய்விட்டது. பதினெட்டுப் பேர் இருந்தால் ஒரே ஒரு நாள். பத்துத் தடவை ஓட்டினார்கள். எண்ணிக்கை ஒன்றிரண்டு முன்பின்னாக வந்ததே தவிர, கதை மாறவில்லை.

காளியண்ணன் முகவாயைத் தடவிக்கொண்டார். "நான் நம்பறேன். ஆனா சேலம் நம்போணுமே? பொம்மையக் காட்டி ஆளக் காப்பாத்த முடியுமா?"

"ரெண்டு வாரம் குடுங்க சார். நெசமாவே ஓட்டிக் காட்டறோம்."

இரண்டு வாரம் கிடைத்தது. அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று சேலம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பூட்டுகள் திறந்தன. முதல் நாள் சென்னம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "என்ர கட்டுல இருந்து எடுத்துட்டுப் போறீங்களே, நான் என்ன சீக்காளியா?" என்று ராதிகாவிடம் சண்டைக்கே போய்விட்டாள். "அக்கா, சாமைக்காட்டுல எதுத்தாப்புல வந்தா மட்டும் சிரிச்சுட்டே சந்திக்கறீங்க, இங்க வந்தா ஆகாதா?" என்று ராதிகா கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் பெயர் எந்தத் தாளில் எழுதப்பட இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அத்தாயி அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

முதல் பதினொரு நாளும் சிடி நேரத்துக்குப் போயிற்று. ஒரு நாள் நாலு மணிக்கே முடிந்துவிட்டது. கடைசி நாள், சனிக்கிழமை, ராதிகாவுக்குக் காய்ச்சல். ஆளே வரவில்லை. இருப்பவர்களிலேயே வேகக்காரி அவள்தான். சரி, சமாளிக்கலாம் என்று அத்தாயி மனதைத் தேற்றிக்கொண்டிருக்கையில், மத்தியானம் இரண்டு பத்துக்குக் கரண்டு போயிற்று.

அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. பதினேழு பெண்களும் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காளியண்ணன் மின்வாரியத்துக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனார். "எல்லாம் இன்னிக்கேதான் வரோணுமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தாயி வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் போனாலும் பிடித்துவிடலாம் என்று பொம்மை ஆபீஸ் சொல்லியிருந்தது. அதற்குமேல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று பதினைந்துக்குக் கரண்டு வந்தது.

அதன்பிறகு அந்த ஆபீசில் கேட்டதெல்லாம் கீபோர்டு சத்தம்தான். தண்ணீர் குடிக்கக்கூட ஒருத்தி எழுந்திருக்கவில்லை. தன் பங்கை முடித்தவள் எழுந்து யாரையும் கேட்கவில்லை, நேராகப் பின்தங்கியவளின் பங்குக்குள் நுழைந்தாள். சரிபார்க்கிறவர்களுக்குப் பத்து பத்தாக வந்துகொண்டே இருந்தது, தேங்கவே இல்லை. நாலே முக்காலுக்குச் சென்னம்மாளின் பங்கில் இருபது மிச்சம். இரண்டு பேர் எதிர்முனையிலிருந்து அதற்குள் நுழைந்தார்கள். ஐந்து மணிக்கு அவள் "ஆச்சு" என்றாள். ஐந்து ஏழுக்குக் கடைசிப் பத்து சரிபார்த்து முடிந்தது. ஐந்து பன்னிரண்டுக்கு சிடி தயார்.

அதை எடுத்துக்கொண்டு ஓடியது யார் என்று நினைக்கிறீர்கள்? காளியண்ணன்! தொப்பையும் அவருமாக பஸ் ஸ்டாண்டுக்கு அவர் ஓடியதைச் செம்மேடு கடைவீதியே நின்று வேடிக்கை பார்த்தது. பஸ் நகரும்போது படியில் ஏறி கண்டக்டர் கையில் டப்பாவைத் திணித்துவிட்டு, மூச்சு வாங்கியபடி திரும்பி வந்தார்.

வந்து உட்காரக்கூட இல்லை, போன் அடித்தது. சேலம். கதவைச் சாத்த அவருக்கு நினைவில்லை. அத்தாயி வெளியே நின்றாள்.

"ஆமாங்க சார், போயிருச்சு... இல்லீங்க, இன்னிக்குத்தான் கரண்டு ஒரு மணி நேரம் இல்ல... ஆமாங்க, அதோட ஒரு ஆளும் வரல." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். காளியண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடி வழியாகப் பெண்கள் இருந்த ஹாலைப் பார்த்தார். பிறகு, அந்த ஆபீசில் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்.

"பேரு எதுவும் அனுப்பறதா இல்லீங்க சார். இங்க பதினெட்டுப் பேருங்க. இதுல ஒருத்தரை நிறுத்தியிருந்தாலும் இன்னிக்கு நான் இந்த பஸ்ஸைப் பிடிச்சிருக்க முடியாதுங்க."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். காளியண்ணன் "சரிங்க... ரொம்ப சந்தோசமுங்க" என்று போனை வைத்துவிட்டு, வெளியே நிற்கிற அத்தாயியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இன்றைக்கு அந்தக் கம்பெனிக்கு மலையிலும் அடிவாரத்திலுமாக மூன்று ஆபீஸ்கள். மூன்றுக்கும் பொம்மை ஆபீஸ் ஓட்டித் திட்டம் போடுகிறவள் அத்தாயிதான். அடிவாரத்துப் பேளுக்குறிச்சி ஆபீசுக்கு அவள் போனால் முதல் இரண்டு நாள் பெண்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாளே தவிர, லேப்டாப்பைத் திறக்கவே மாட்டாள். ஆனால் அதெல்லாம் பிறகு வந்த பெருமை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பெருமையாக ஒன்றும் இல்லை. ஹாலுக்குள் வந்தாள். பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சென்னம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏங்கண்ணு, அழுவறயா? சிடிதான் போயிருச்சுல்ல?"

"போயிருச்சுக்கா," என்றாள் அத்தாயி. "நீங்க திங்கக்கிழமை நேரத்துல வந்துருங்க."

"இதென்ன கேள்வி? வராம எங்க போகப் போறேன்?" என்று சிரித்துக்கொண்டே சென்னம்மாள் வாழவந்தி பஸ்ஸுக்கு நடந்தாள்.